செல்வி ஜேன் ஹெய்னிங்: பிள்ளைகளை விட்டு வராத மேற்றன்

நூற்றாண்டு மலர் என்றால் முதற் பக்கங்களில் அதிபர்மாரின் படங்கள் வரும். பின்னர் ஆசிரியர்கள், சங்கத் தலைவிகள், விளையாட்டுக் குழுக்கள், பரிசு பெற்றோர் என்று பக்கங்கள் நிறையும். விடுதி மேற்றன்மாருக்கு ஒரு பந்தி கிடைத்தாலே பெரிது. ஆனால் விடுதியில் வளர்ந்த எம்மைக் கேட்டால் உண்மை வேறு. காய்ச்சல் வந்த இரவில் கொத்தமல்லி அவித்துத் தந்தவர் அதிபர் அல்லர். தலையிற் பேன் பார்த்தவரும், வீட்டுக் கடிதம் வராத நாளில் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டவரும் மேற்றன்தான். ஆகவே இம்மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு மலர்க்குழு எம்மைக் கேட்டபோது, மேற்றன் ஒருவரின் கதையையே எழுதுவோம் எனத் தீர்மானித்தோம். அவர் எமது கல்லூரியைச் சேர்ந்தவர் அல்லர். எமது நாட்டிலே பணி செய்தவரும் அல்லர். ஸ்கொட்லாந்தின் கமக்கார வீடொன்றிற் பிறந்து, ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பெண்பிள்ளைகளின் விடுதி ஒன்றைப் பன்னிரண்டு ஆண்டுகள் நடத்திய செல்வி ஜேன் ஹெய்னிங் அவர்.

1897ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் திகதி, ஸ்கொட்லாந்தின் தென்மேற்கே டம்ஃப்ரீஸ் பகுதியில், டன்ஸ்கோர் என்னும் கிராமத்தை அண்டிய லொக்கன்ஹெட் பண்ணையில் ஜேன் பிறந்தார். ஐந்து வயதிலே தாயை இழந்தார். தாயில்லாப் பிள்ளையின் வாழ்வு எப்படி இருக்கும் என்பதை அவருக்கு எவரும் பின்னாளிற் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கிராமப் பாடசாலையிற் படித்துப் புலமைப்பரிசில் பெற்று, 1909இல் டம்ஃப்ரீஸ் அக்கடமிக்குச் சென்றார். வீட்டிலிருந்து நாள்தோறும் போய்வர முடியாத தூரம். ஆகவே பன்னிரண்டு வயதில் அவரும் விடுதிப் பிள்ளை ஆனார். அங்கே நாற்பத்தொரு பரிசுகளை வென்றார் என்பது பதிவில் உள்ளது. மொழிகளில் அவருக்கு நல்ல தேர்ச்சி இருந்தது.

இத்தனை பரிசு பெற்றவர் பல்கலைக்கழகம் செல்லவில்லை. கிளாஸ்கோவில் வணிகக் கல்வி கற்று, பெய்ஸ்லி நகரின் ஜே. அன்ட் பி. கோட்ஸ் நூற்கம்பனியில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, பின் செயலாளராகி, பல ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். தையல் வகுப்பில் கோட்ஸ் நூற்கட்டையைக் கையிற் பிடித்த எம்மவருக்கு இப்பெயர் அந்நியமானதன்று. சம்பளம் ஒழுங்காக வரும், மதிப்பான, பயமில்லாத உத்தியோகம் அது. கிளாஸ்கோவின் பொலொக்‌ஷீல்ட்ஸ் பகுதியிற் குடியிருந்து, வாரநாட்களிற் பெய்ஸ்லிக்குப் போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரது இடம் குயின்ஸ் பார்க் வெஸ்ட் தேவாலயம்.

அத்தேவாலயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அது பிரெஸ்பிற்றேரியன் சபை. கொழும்பு கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோரம் நிற்கும் புனித அந்திரேயாவின் ஸ்கொட்ஸ் கேர்க் தேவாலயத்தைக் கண்டவர்கள் அதே மரபின் கிளையொன்றைக் கண்டவர்களே. இம்மரபில் ஆயர் என்று ஒருவர் மேலே அமர்ந்து ஆள்வதில்லை. சபையார் தெரிவுசெய்யும் மூப்பர்களும் குருவானவரும் சேர்ந்து சபையை நடத்துவர். ஏழைகளைப் பார்ப்பதும், பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதும், தூர தேசப் பணிக்குப் பணம் சேர்ப்பதும் குருவானவரின் தனி வேலையன்று, சபையாரின் வேலை. ஞாயிறு பாடசாலை, தையற் கூட்டம், கைப்பணி விற்பனை, தேநீர் விருந்து, மிஷன் உண்டியல் என்று வாரம் முழுவதும் மண்டபத்தில் விளக்கெரியும். சில்லறைக் காசு சில்லறையாகச் சேர்ந்துதான் கல்கத்தாவிலும் கலபாரிலும் புடாபெஸ்டிலும் பாடசாலைகள் நடந்தன. இந்த வேலையிற் பெரும்பங்கைச் சுமந்தவர்கள் பெண்கள். ஆனால் ஸ்கொட்லாந்துத் திருச்சபையில் ஒரு பெண் மூப்பராக வருவதற்கு 1966 வரையும், குருவானவராக வருவதற்கு 1968 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. கேக் சுட்டு விற்றுக் காசு சேர்க்கலாம், அக்காசை எப்படிச் செலவிடுவது என்று மூப்பர் சபையிலிருந்து தீர்மானிக்க முடியாது. இது அந்த ஊருக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நாம் சொல்லமாட்டோம்.

ஜேன் அச்சபையின் ஞாயிறு பாடசாலையிற் படிப்பித்தார். பிள்ளைகளோடு பழகும் வேலை தனக்கு ஏற்றது என்பதை அவர் அறிந்துகொண்டது அங்கேதான் எனலாம். 1929இல் அவருடைய யுனைட்டெட் ஃப்ரீ சபை, ஸ்கொட்லாந்துத் திருச்சபையுடன் ஒன்றிணைந்தது. பின்னர் கிளாஸ்கோவில் நடந்த கூட்டமொன்றில், யூதர் மத்தியில் அத்திருச்சபை நடத்தும் பணியைப் பற்றிக் கேட்டார். தன் வாழ்வுக்குரிய வேலை இதுவே என அன்றே மனத்திற் கொண்டார் என்று அவரை அறிந்தவர்கள் பிற்காலத்திற் கூறியுள்ளனர். புடாபெஸ்ட் விடுதிக்கு மேற்றன் ஒருவர் தேவை என்ற அறிவித்தல் வந்தது. விண்ணப்பித்தார். கம்பனி வேலையை விட்டு, மனைப்பொருளியல் கற்று, எடின்பரோவின் புனித கொல்ம்ஸ் பெண்கள் கல்லூரியிற் பயிற்சி பெற்று, 1932 ஜூனிற் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

புடாபெஸ்டில் ஸ்கொட்லாந்துக்காரருக்கு என்ன வேலை என்று வாசகியர் கேட்கலாம். 1840களில் டான்யூப் நதிக்குக் குறுக்கே சங்கிலிப் பாலம் கட்டப்பட்டபோது, அதற்குப் பொறுப்பாயிருந்த பொறியியலாளர் ஆடம் கிளார்க் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். பாலவேலைக்கென வந்த தொழிலாளருக்கு ஆராதனை நடத்தவும், நகரின் பெரிய யூத சமூகத்தின் மத்தியிற் பணி செய்யவும் 1841இல் ஸ்கொட்லாந்துக் குருமார் அங்கே தங்கினர். சில ஆண்டுகளிற் பாடசாலையும் வந்தது. ஜேன் சென்ற காலத்தில் வொரொஷ்மார்ட்டி வீதி 51ஆம் இலக்கத்தில் தேவாலயம், பாடசாலை, விடுதி ஆகிய மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்தன. ஏறத்தாழ நானூறு மாணவியர். அவர்களில் முப்பது நாற்பது பேர் விடுதியில் தங்கியவர்கள். யூதப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்தனர்.

இம்மிஷனின் ஆதி நோக்கம் யூதரைக் கிறிஸ்தவராக்குவது என்பதை மறைக்கவேண்டியதில்லை. எமது நாட்டு மிஷன் பாடசாலைகளின் ஆதி நோக்கமும் அத்தகையதே. ஆனால் பாடசாலையை ஆரம்பித்தவர்களின் நோக்கம் ஒன்றாகவும், பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரின் நோக்கம் வேறொன்றாகவும் இருப்பது மிஷன் பாடசாலைகளின் வரலாற்றில் எங்கும் காணப்படுவது. நல்ல படிப்பு, ஆங்கிலம், பாதுகாப்பான விடுதி, பிள்ளையை இழிவாகப் பாராத ஆசிரியர்கள். இவற்றுக்காகவே யூதப் பெற்றோர் தம் மகள்மாரை அங்கே சேர்த்தனர். ஹங்கேரியில் யூதருக்கெதிரான சட்டங்கள் 1938இலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கியதும் இந்தக் கடைசிக் காரணமே முதற் காரணமாயிற்று.

மேற்றன் வேலை என்ன என்பதை விடுதியில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜேன் ஹங்கேரிய மொழியை விரைவிற் கற்றுச் சரளமாகப் பேசினார். விடுதிப் பிள்ளைகள் பலர் தாய் தகப்பன் இல்லாதவர்கள், அல்லது பிரிந்துபோன குடும்பத்துப் பிள்ளைகள். ஆறு வயதிற் பெட்டியோடு வந்து வாசலில் நிற்கும் பிள்ளையைக் கண்டால் இவருக்கு டன்ஸ்கோர் நினைவு வந்திருக்கும் என்று நாம் எண்ணுகின்றோம். பிள்ளைகள் பிற்காலத்தில் இவரை நினைவுகூர்ந்தபோது, கண்டிப்பும் அன்பும் கலந்தவர் என்றே சொன்னார்கள். மேற்றன்மாரைப் பற்றி எல்லா நாட்டுப் பிள்ளைகளும் சொல்வது இதுதான் போலும்.

1930களின் இறுதியில் வேறொரு வேலையும் சேர்ந்தது. ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி ஒஸ்திரியாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் யூத அகதிகள் புடாபெஸ்டுக்கு வந்தனர். பிரித்தானியாவுக்குள் நுழைய அனுமதி பெறும் வழிகளிலொன்று வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை தேடிக்கொள்வது. ஆகவே வசதியான வீடுகளில் வாழ்ந்த பெண்களுக்கும்கூட, ஆங்கிலேய வீட்டில் மேசை வைப்பதும் வேலை செய்வதும் எவ்வாறு என்று மிஷனிற் பழக்கப்பட்டது. பிரசங்கத்தைவிட இந்த வகுப்பு எத்தனை உயிர்களுக்கு உதவியிருக்கும் என்று நாம் யோசித்துப் பார்ப்பதுண்டு.

1939 செப்டெம்பரில் உலக யுத்தம் தொடங்கியபோது ஜேன் புடாபெஸ்டில் இருக்கவில்லை. பாடசாலையின் ஹங்கேரியத் தலைமையாசிரியை மார்கிட் பிரெம் அம்மையாருடன் இங்கிலாந்தின் கோர்ன்வோலில் விடுமுறையில் இருந்தார். தன் சொந்த நாட்டில், சொந்த மக்களுக்கு நடுவே, பத்திரமாக இருந்தவர். அங்கேயே தங்கிவிட்டிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். செய்தி கேட்டவுடன் இருவரும் புறப்பட்டு ஹங்கேரிக்குத் திரும்பினர். 1940இல் ஐரோப்பாவில் இருந்த தன் பணியாளர்களைத் திரும்பி வரும்படி எடின்பரோவிலிருந்து திருச்சபை அழைத்தது. மற்ற ஸ்கொட்லாந்துக்காரர் சென்றனர். மீண்டும் மீண்டும் அழைப்பு வந்தது. ஜேன் மறுத்தார். சமாதான காலத்திலே தேவைப்பட்ட தான் இப்போது இன்னும் அதிகம் தேவைப்படுவேன் என்பதே அவரது நியாயம்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க விரும்புகின்றோம். மேலிடத்தின் கட்டளைக்குக் கீழ்ப்படிவது மிஷன் ஊழியரின் முதற் கடமை என்று எமக்கெல்லாம் சொல்லித் தந்தார்கள். அழைத்த திருச்சபையும் அவர்மேல் உள்ள அக்கறையினாலேதான் அழைத்தது. அதிற் குற்றம் காண முடியாது. ஜேன் மறுத்ததை வீரம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. அவர் அதை அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மேற்றன் ஒருவர் தவணை நடுவில் விடுதியை விட்டுப் போவதா என்ற அளவிலேதான் பார்த்திருக்கிறார். போர்க்காலத்தில் விடுதியில் இருந்த எம்மவருக்கு இது விளங்கும். பாதை பூட்டி, வீட்டுக்குப் போக வழியின்றி, செல் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்த இரவுகளில், அடுத்த அறையில் மேற்றன் இருக்கிறார் என்பது எமக்கு எவ்வளவு பெரிய விடயமாக இருந்தது! அவருக்கும் போக இடம் இருந்தது என்பதை நாங்கள் அப்போது யோசிக்கவேயில்லை.

1941 டிசெம்பரில் பிரித்தானியா ஹங்கேரிமீது போர் தொடுப்பதாக அறிவித்தது. அதன்பின் ஜேன் அந்நாட்டிற் பகை நாட்டவர் ஆனார். ஆயினும் விடுதி நடந்தது. உணவுப் பண்டங்களுக்குத் தட்டுப்பாடு. சந்தை நாட்களில் விடிய ஐந்து மணிக்கு எழுந்து, முதுகிற் பையைச் சுமந்துகொண்டு போய், பிள்ளைகளுக்கு அகப்பட்டதை வாங்கி வருவார். சப்பாத்துக்குத் தோல் கிடைக்கவில்லை. தான் ஸ்கொட்லாந்திலிருந்து கொண்டுவந்த தோற்பெட்டியை வெட்டிப் பிள்ளைகளின் சப்பாத்துகளுக்கு அடித்தோல் போட்டார். ஊருக்குத் திரும்பிப் போக நினைப்பவர் பெட்டியை வெட்டமாட்டார். நகரை அண்டி இருந்த பிரித்தானியப் போர்க்கைதிகளை அனுமதி பெற்றுப் பார்த்து, அவர்களுக்குப் பொதிகளும் அனுப்பினார். இரவில் பீ.பீ.சீ. செய்தி கேட்டார். வானொலிப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்துக் காதை அதன்மேல் வைத்துச் செய்தி கேட்ட பழக்கம் எமக்கும் உண்டு.

1944 மார்ச் 19இல் ஜேர்மன் படைகள் ஹங்கேரிக்குள் நுழைந்தன. ஏப்ரல் 5 முதல் யூதர் ஒவ்வொருவரும், ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும்கூட, மேலாடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டுமென்று கட்டளை பிறந்தது. கோட்ஸ் கம்பனியில் நூலோடு பழகிய கைகள் இப்போது இந்த வேலையைச் செய்யவேண்டி வந்தது. பிள்ளைகளின் உடையில் நட்சத்திரத்தைத் தைக்கையில் ஜேன் அழுதார். அது எவருடையவோ கண்ணிற் பட்டது.

அம்மாதத்திலேயே கெஸ்டாப்போ அதிகாரிகள் இருவர் விடுதிக்கு வந்து, அவருடைய அலுவலகத்தையும் படுக்கையறையையும் சோதனையிட்டனர். புறப்பட ஆயத்தமாவதற்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தனர். அவரைக் காட்டிக்கொடுத்தவர் சமையற்காரியின் மருமகன் என்று சொல்லப்படுகின்றது. பிள்ளைகளுக்கென வைத்திருந்த உணவை அவர் எடுத்து உண்டதை ஜேன் கண்டு கண்டித்திருந்தாராம். எத்தனை பெரிய கொடுமைக்குள்ளும் இப்படி ஒரு குசினிச் சண்டை ஒளிந்திருக்கின்றது.

எட்டுக் குற்றச்சாட்டுகள் அவர்மீது வாசிக்கப்பட்டன. யூதர் மத்தியில் வேலை செய்தமை, மஞ்சள் நட்சத்திரம் அணிந்த பிள்ளைகளைக் கண்டு அழுதமை, ஆரிய இனத்தவரான வீட்டுப் பொறுப்பாளரை வேலையிலிருந்து நீக்கியமை, பீ.பீ.சீ. கேட்டமை, பிரித்தானியர் பலர் வந்து சந்தித்தமை, அரசியலில் ஈடுபட்டமை, போர்க்கைதிகளைப் பார்த்தமை, அவர்களுக்குப் பொதி அனுப்பியமை. அரசியல் என்ற ஒன்றைத் தவிர மற்ற யாவற்றையும் அவர் ஒப்புக்கொண்டார். ஒரு மேற்றன் அழுதது குற்றப்பத்திரத்தில் ஏறிய சம்பவம் வேறெங்கும் உண்டோ நாம் அறியோம்.

ஃபோ வீதிச் சிறைச்சாலையிலும், பின்னர் கிஷ்டார்ச்சா தடுப்பு முகாமிலும் அவர் வைக்கப்பட்டார். தோழியர் பொதிகள் கொண்டு சென்றனர். ஹங்கேரிய சீர்திருத்தத் திருச்சபையின் ஆயர் லாஸ்லோ ரவாஸ் அவருடைய விடுதலைக்காக முயன்றார். (அதே மரபைச் சேர்ந்ததாயினும் ஹங்கேரியச் சபைக்கு ஆயர்மார் உண்டு.) பயனில்லை. மே மாதம் அவர் அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார். கையில் 79467 என்ற இலக்கம் பச்சை குத்தப்பட்டது. அதே கிழமைகளிலேதான் ஹங்கேரியின் கிராமங்களிலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் புகையிரதங்கள் புறப்பட்டன. மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை 9 வரை ஏறத்தாழ 437,000 யூதர் நாடுகடத்தப்பட்டனர். மிகப் பெரும்பாலோர் அவுஷ்விட்ஸிற் சேர்ந்த அன்றே கொல்லப்பட்டனர்.

ஜூலை 15ஆம் திகதியிட்ட கடைசி அஞ்சலட்டையை ஜேன் மார்கிட் பிரெம் அம்மையாருக்கு எழுதினார். முகாமின் விதிப்படி சில வரிகளுக்குமேல் எழுத முடியாது. 1944 ஜூலை 17இல் அவர் முகாம் வைத்தியசாலையில் நோயினால் இறந்ததாக ஜேர்மன் அதிகாரிகள் மரணச் சான்றிதழ் அனுப்பினர். சான்றிதழ் எழுதியவர்கள் யாரென்பதை நினைத்தால் அதில் எழுதியிருந்த காரணத்தை எந்த அளவுக்கு நம்புவது என்று சொல்லத் தேவையில்லை. அவருக்கு வயது நாற்பத்தேழு.

கிளாஸ்கோவின் குயின்ஸ் பார்க் வெஸ்ட் சபையார் தம் ஞாயிறு பாடசாலை ஆசிரியையை மறக்கவில்லை. யுத்தம் முடிந்து, பங்கீட்டு அட்டை இன்னும் நடைமுறையில் இருந்த 1948இல், அவர் நினைவாகத் தேவாலயத்தில் இரண்டு வண்ணக் கண்ணாடி யன்னல்கள் அமைத்தனர். மற்ற உலகம் நெடுங்காலம் பேசாதிருந்தது. அவரிடம் வளர்ந்த பிள்ளைகள் வயதாகிச் சாட்சி சொன்ன பின்பே, 1997இல் எருசலேமின் யாட் வாஷெம் நிறுவனம் அவரை உலக நாடுகளின் நீதிமான்களுள் ஒருவராக அறிவித்தது. யூதரை மதம் மாற்ற அமைக்கப்பட்ட மிஷனின் ஊழியரை யூத மக்களே இவ்வாறு கௌரவித்தமை கவனிக்கத்தக்கது. 2010இல் பிரித்தானிய அரசு பதக்கம் வழங்கியது. அதே ஆண்டில் புடாபெஸ்டின் டான்யூப் கரை வீதியொன்றுக்கு அவர் பெயர் இடப்பட்டது.

2016இல் எடின்பரோவில் திருச்சபைத் தலைமையகத்தின் பரணில் பழைய பெட்டிகளைப் பார்த்தபோது, 1942 ஜூலையில் ஜேன் கைப்பட எழுதிய மரணசாசனமும், பாடசாலையின் நிழற்படங்கள் பலவும் கிடைத்தன. வானொலிப் பெட்டி, தட்டச்சுப்பொறி போன்ற தன் சொற்ப உடைமைகளை மார்கிட் பிரெம் அம்மையாருக்கு அவர் எழுதி வைத்திருந்தார். கைதாவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டது அது. படங்களிற் பிள்ளைகள் சிரித்தபடி நிற்கின்றனர்.

வொரொஷ்மார்ட்டி வீதியின் அந்தக் கட்டடம் இன்றும் இருக்கின்றது. பிள்ளைகள் அங்கே படிக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமைகளிற் புனித கொலும்பா ஸ்கொட்லாந்துச் சபை அங்கே ஆராதனைக்குக் கூடுகின்றது.